விசாகப்பட்டினத்தில் அரை மணி நேரம்

விமானத்தில் கழிவறை கிடையாது என்று எனக்கு முதலில் சொன்னவள் என் அக்கா ஜெனிஃபா. ஆம்பூரில் அவள் தையல் லைனில் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் முதலாளி ஹயாத் பாஷாதான் அந்த விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருடைய டிரைவர் கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

"ஆறு சீட்டுதானாம் ஃபீபி. அம்பாசிடர் காருக்கு றெக்கை வச்ச மாதிரி. அதுல பாத்ரூமுக்கு எங்க போறது?"

"நடுவுல ஒரு எடத்துல எறங்குவாங்களாம்க்கா. மொத்தம் அஞ்சு மணி நேரம்."

"அஞ்சு மணி நேரம்லாம் ஒரு மேட்டரா? எங்க லைன்ல நாப்பது பொண்ணுங்களுக்கு ரெண்டு டோக்கன். டோக்கன் கையில இருந்தாத்தான் எழுந்து போவலாம். கெடைக்காத நாள்ல மத்தியானம் வரைக்கும் அப்டியே உக்காந்து தைக்கறோம்ல? முந்தின நாள் ராத்திரியோட தண்ணிய நிறுத்திடு. வாய் காஞ்சா உதட்ட மட்டும் நனைச்சுக்கோ. முழுங்காத."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு கண்ணை மூடினால் மேகங்களுக்கு நடுவே ஒரு சின்ன அறை தெரிந்தது. அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறைக்குக் கதவு இல்லை.

அது 2002 அக்டோபர். வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் இதய வார்டில் நான் நர்ஸ். ஹயாத் பாஷாவின் தாயார் முனவ்வர் பேகத்துக்கு ஆறு வருடமாக எங்களிடம்தான் வைத்தியம். கல்கத்தாவில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் அவருக்கு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அங்கே ஓரளவு இறக்கிவிட்டு, பழைய டாக்டர்களிடமே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் ரயில் பயணம் தாங்காது. பெரிய விமானக்காரர்கள் ஸ்ட்ரெச்சருக்கு இடம் தரவில்லை. அதனால் இந்தச் சின்ன விமானம். வேலூருக்கு வெளியே புல் முளைத்துக் கிடந்த பழைய ஓடுபாதையில் இறங்க கலெக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். கூட வருவதற்கு ஒரு நர்ஸ் வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரையும் ஸ்ட்ரெச்சரையும் வைத்தபின் மிச்சமிருந்த எடைக்கு டாக்டர் யாரும் பொருந்தவில்லை. நான் நாற்பத்து நான்கு கிலோ.

நான் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது பேகம் கட்டிலில் நான்கு தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், மகளே என்று உருதுவில் கூப்பிட்டு அவர் கேட்டது இதயத்தைப் பற்றி அல்ல.

"பேட்டி, அந்த ஜஹாஸ்ல மறைவா போறதுக்கு எடம் இருக்குதா?"

"விசாகப்பட்டினத்துல எறங்குவோம்மா. அரை மணி நேரம் நிப்பாங்க. அங்க பாத்ரூம் இருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"பெட்பேன் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"ஓட்டறது ஆம்பளைங்கதானே?"

"ரெண்டு பேரும் ஆம்பளைங்கதாம்மா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறுநீருக்குக் குழாய் போட்டுவிடலாம் என்று அங்கிருந்த டாக்டர் இரண்டு தடவை சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. முதல் நாள் போட்டதைப் பிடுங்கியே எறிந்திருந்தார். எனவே நீர் பிரியும் மாத்திரை காலையும் மாலையும், புறப்படும் நாள் காலை எட்டு மணிக்கு அதே மருந்து ஊசியாக என்று எழுதிக் கொடுத்தார்கள். முந்தின நாள் இரண்டு மாத்திரையும் அன்று விடியற்காலை ஒன்றும் நானே அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றத் திரும்புவேன். மறுபடி பார்க்கும்போது வாய் அசையும், கை காலியாக இருக்கும்.

நானும் அக்கா சொன்னபடி முந்தின இரவோடு தண்ணீரை நிறுத்தியிருந்தேன்.

விமானம் நான் நினைத்ததைவிடச் சிறியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. முன்னால் இரண்டு விமானிகள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. கையை நீட்டினால் அவர்கள் தோளைத் தொடலாம். ஒரு பக்கத்து இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரைப் பொருத்தி, பேகத்தைச் சாய்வாக உட்கார வைத்தோம். அவர் ஒரு பெரிய பழுப்புச் சால்வையை நெற்றிவரை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். காலடியில் நான். பின்னால் ஹயாத் பாஷா, மடியில் ஒரு நீள உருளையோடு. கல்கத்தா வியாபாரி ஒருவருக்குக் காட்டவென்று கொண்டுவந்த பதனிட்ட மாட்டுத் தோல். அம்மாவைப் பார்க்க ஓடிவந்தபோதுகூட அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

கேப்டன் சீனிவாசன் புறப்படுமுன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும்.

"நான் வாலாஜாகாரன்மா. நம்ம ஊருக்குப் போறோம்னுதான் இந்த டிரிப்ப ஒத்துக்கிட்டேன். நாங்க ரெண்டு பேரும் நேத்து ராத்திரியிலேருந்து காபி தொடல. மிஞ்சிப் போனா எங்களுக்கு பாட்டில் இருக்கு. லேடீஸ்க்கு..." காதைச் சொறிந்தார். "விசாகப்பட்டினம் ஒம்பது மணிக்கு."

ஆறரைக்குத் தரையை விட்டோம். ஜன்னலுக்குக் கீழே ஆறுகள் வெள்ளி நூலாகப் பிரிந்து கடலுக்குள் போயின. கதைகளில் படித்துப் படித்து நான் கற்பனை செய்துவைத்திருந்த வானம் இப்படி இரைச்சலாக இல்லை. அடிவயிற்றில் சின்ன பாரம் ஒன்று அப்போதே தொடங்கியிருந்தது. காலோடு காலைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஊசியில் மருந்தை ஏற்றினேன். பேகம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப போடாத பேட்டி."

"டயம் ஆச்சும்மா."

"போட்டா பத்து நிமிஷத்துல வந்துடும். எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா போட்டுக்கறேன். கீழ எறங்குனதும் போடு. ஒரு மணி நேரம்தானே?"

அவர் விரலில் மாட்டியிருந்த கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வளவு. மோசமில்லை. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு விமானிகளின் முதுகும் என் கண்ணெதிரே இருந்தது. அவர்களுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் ஒரு வயதான அம்மாளின் துணியை விலக்குவதை நினைத்தால் எனக்கே உடம்பு கூசியது. ஊசியை மூடி சட்டைப் பையில் வைத்தேன்.

ஒன்பது மணிக்குக் கேப்டன் காதுக் கருவியை ஒதுக்கிவிட்டுத் திரும்பினார்.

"விசாகப்பட்டினம் மூடிட்டான்மா. ஒரே மழை. ஒண்ணும் தெரியல."

"அப்ப எங்க சார் எறங்கறது?"

"கரையோரம் பூரா இதே கதைதான். பெட்ரோல் இருக்கு, பயப்படாதீங்க. நேரா வேலூர்தான். இன்னும் ரெண்டேகால் மணி நேரம்."

ஜன்னலில் இருந்த நீலம் போய்விட்டது. சாம்பல் நிறம் கண்ணாடியில் அப்பியது. சட்டைப் பையில் இருந்த ஊசி என் நெஞ்சில் குத்துவது போலிருந்தது.

"அம்மா, போட்டே ஆகணும்."

"ரெண்டு மணி நேரம்... இருந்துடுவேன். நீ பேஜார் ஆவாத."

"அம்மா..."

"இன்னும் பத்து நிமிஷம் பாரு."

நான் பத்து நிமிஷம் பார்த்தேன். இன்றைக்கும் அந்தப் பத்து நிமிஷம் என் கனவில் வருகிறது. தொண்ணூற்று ஒன்று. எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு. ஆக்சிஜனைக் கூட்டினேன். எண் ஏறவில்லை. விமானம் குலுங்கும்போதெல்லாம் கருவி ஒரு கணம் எண்ணை இழந்து வெறும் கோடு காட்டும். மறுபடி எண் வரும். முன்னைவிடக் கம்மியாக.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு இஞ்சின்களின் இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது. குளிர்பானம் தீர்ந்த பின்னும் உறிஞ்சினால் டம்ளரின் அடியில் கேட்குமே, அது. பேகத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. வார்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம். இங்கே ஓட இடமில்லை.

"என்னா சிஸ்டர்? என்னா ஆவுது?" ஹயாத் பாஷா முன்னால் சாய்ந்தார்.

"நீர் மறுபடி ஏறுது சார். ஆனா எப்டின்னு புரியல. காலைல மாத்திரை கூட..."

பேகம் சால்வைக்குள் கையை விட்டுத் தன் பாக்குப் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறக்க அவருக்கு விரலில் பலமில்லை. மகனிடம் நீட்டினார். அவர் திறந்தார். சீவல் துண்டுகளுக்கு நடுவே மூன்று வெள்ளை மாத்திரைகள் இருந்தன.

நான் கொடுத்த மூன்றும்.

"அம்மி! இதுக்கா... இப்டி பண்ணுவாங்களா யாராவது?" ஹயாத் பாஷா மாத்திரைகளை உள்ளங்கையில் அள்ளினார். "செத்துப் போய்டுவீங்க அம்மி!"

"ஏன்... கத்தற?" ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் மூச்சைத் தேடினார். "உன் கம்பெனில... பொண்ணுங்க... தண்ணி குடிக்காம இருக்குதுங்க. கோவிந்தம்மா பொண்ணு... சொன்னா. வருஷக்கணக்கா. நான்... ஒரு நாள்... இருக்கக் கூடாதா?"

கோவிந்தம்மாள் அவர்கள் வீட்டில் பாத்திரம் துலக்குபவள்; அவள் மகளுக்குக் கம்பெனியில் வேலை. என் அக்காவும் அங்கேதான் தைக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல அது நேரமும் இல்லை. பேகத்தின் வாயோரம் நுரை கட்டியிருந்தது. லேசான ரோஜா நிறம். கருவியில் எண்பத்து நான்கு.

நான் அவரைக் கேட்கவில்லை. ஊசியை எடுத்து, கையில் ஏற்கெனவே போட்டிருந்த குழாய் வழியாக மருந்தைச் செலுத்தினேன். மணி ஒன்பது இருபது. ஊசியின் மூடி எங்கோ உருண்டு போயிற்று.

"கேப்டன் சார், கீழ எறக்க முடியுமா? மேல காத்து பத்தல இவங்களுக்கு."

"கீழ போனா ஆட்டம் ஜாஸ்தி ஆவும்மா. நீங்க தாங்குவீங்களா?"

"எறக்குங்க சார்."

ஒன்பதாயிரம் அடியிலிருந்து இறங்கினோம். மேகத்துக்குள் விமானத்தை யாரோ கையில் எடுத்துக் குலுக்குவது போலிருந்தது. என் வயிற்றில் இருந்த பாரம் இப்போது கல்லாகிவிட்டது. அதை நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

"பேட்டி..." பேகம் என் கையைத் தேடினார். கண்ணில் நீர். "வருது."

பெட்பேனை எடுத்தேன். ஆனால் அவர் படுக்க முடியாது. உட்கார்ந்தபடி தூக்கினால்தான் உள்ளே வைக்க முடியும். வீங்கிய உடம்பு, எழுபத்தைந்து கிலோ. நான் முழங்காலில் நின்று தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"சார், நீங்க தூக்கணும்."

ஹயாத் பாஷா தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேகம் முன்னால் இருந்த இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். தொடையை இறுக்கி அடக்கினார். அப்படி அடக்கும்போது மூச்சையும் அடக்கினார். எண்பத்திரண்டு.

அப்போதுதான் ஹயாத் பாஷா அந்த உருளையைப் பிரித்தார். ஒரு மாட்டின் பாதித் தோல், கறுப்பு, கண்ணாடி போல் மினுமினுப்பு. விமானிகளின் இருக்கைகளுக்குப் பின்னால் அதை விரித்துப் பிடித்தார்.

"பின்னு இருக்குதா சிஸ்டர்?"

என்னிடம் நான்கு ஊக்குகள் இருந்தன. தோல் தடிமனாக இருந்தது; ஊக்கு வளைந்தது. அவர் என் கத்தரிக்கோலை வாங்கினார். என் அக்கா சொல்லியிருக்கிறாள், ஒரு ஊசி முனை ஓட்டை இருந்தால்கூட முழுத் தோலையும் ஒதுக்கிவிடுவார் என்று. அவரே கத்தரியின் முனையால் நான்கு மூலையிலும் குத்தினார். ஊக்கை மாட்டி இருக்கைத் துணியில் சேர்த்தார். விமானிகள் மறைந்தார்கள். புதுத் தோலின் காரமான வாசனை அந்தச் சின்ன இடம் முழுக்க நிறைந்தது. ஆம்பூர் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேனே, அந்த வாசனை.

தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேப்டனின் குரல் வந்தது. "எங்க காதுல இஞ்சின் சத்தம்தாம்மா கேக்குது. திரும்ப மாட்டோம். தாயி, நீங்க கவலைப்படாதீங்க."

ஹயாத் பாஷா தாயின் கக்கத்தில் கைகொடுத்தார். "கண்ண மூடிக்கறேன் அம்மி."

"மூடாத... கீழ... போட்டுடுவ."

அவர் தூக்கினார். நான் துணியை விலக்கி பாத்திரத்தை வைத்தேன். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. ஐம்பது வருடப் பழக்கம் அந்த உடம்பைப் பூட்டி வைத்திருந்தது. "விடுங்கம்மா, யாருமில்ல, விடுங்க," என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னையறியாமல் ஜெபமும் சொன்னேன். பிறகு வந்தது. நிற்காமல் வந்தது.

விமானம் அந்த நேரத்தில் விழுந்தது. விழுகிறோம் என்றுதான் நினைத்தேன். காலடியில் தரை இல்லாமல் போயிற்று. தலை கூரையில் இடித்தது. ஹயாத் பாஷா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டார். நான் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்திருந்தேன். அது கவிழ்ந்தால் பேகம் மறுபடி ஒருபோதும் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கை மிச்சமில்லை. வெள்ளை பேன்ட்டுக்குள் சூடு பரவி முழங்கால்வரை இறங்கியது. முந்தின இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும்.

விமானம் நிமிர்ந்தது. பாத்திரம் சிந்தவில்லை.

"நெறைஞ்சிடுச்சு சார். எதுல ஊத்தறது?"

தோலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. அகல வாய் பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டு. "எங்களுக்குன்னு வச்சதுதான். புதுசு. நாங்க பொறுத்துக்கறோம்," என்றார் கேப்டன்.

மூன்று தடவை தூக்கினார், மூன்று தடவை ஊற்றினேன். எண்பத்து நான்கு. எண்பத்தேழு. அந்த உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. எண் தொண்ணூறைத் தொட்டபோது நான் பேகத்தின் காலடியில் மடங்கி உட்கார்ந்தேன். ஈரம் குளிர ஆரம்பித்திருந்தது. பையை எடுத்து மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். பயம் மட்டும் இறங்கவில்லை. எந்த நிமிஷமும் அந்த எண் திரும்ப விழலாம்.

"மெட்ராஸ்ல இப்ப மழை விட்டுடுச்சாம். அங்க எறங்கிடவா?" கேப்டன் கேட்டார்.

"அங்கேருந்து ரோட்டுல மூணு மணி நேரம். டாக்டருங்க வேலூர்ல நிக்கறாங்க." ஹயாத் பாஷா என்னைப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், தாங்குவாங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொல்லக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். "இப்ப இருக்கற மாதிரி இருந்தா தாங்குவாங்க சார். மாறினா சொல்றேன்."

அதன்பின் நான் ஜன்னலைப் பார்க்கவேயில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன். வெகுநேரம் கழித்துக் கேப்டன், "காவேரிப்பாக்கம் ஏரிம்மா! நெறைஞ்சு கெடக்குது!" என்று கத்தினார். ஒரு கணம் தலையைத் திருப்பினேன். சாம்பல் மேகம் கிழிந்த இடத்தில் ஏரி பெரிய கண்ணாடியாகக் கிடந்தது. அப்புறம் பாலாற்று மணல். தொண்ணூற்று ஒன்று.

ஓடுபாதையில் ஆடுகளைப் போலீஸ்காரர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் தரையில் மோதியது. நின்றோம். கதவு திறந்தது. வெளியே எங்கள் டாக்டர், ஆம்புலன்ஸ் ஆட்கள், போலீஸ், ஹயாத் பாஷாவின் கம்பெனி ஆட்கள் என்று இருபது ஆண்களாவது நின்றார்கள்.

"ஊசி எப்ப போட்டீங்க?" டாக்டர் கதவுக்குள் தலையை நீட்டினார்.

எட்டு மணி என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

"ஒம்பது இருபதுக்கு சார். லேட் பண்ணிட்டேன். மாத்திரை மூணும் உள்ள போகல. நான் நின்னு பாக்கல."

அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். "அப்புறம் பேசலாம். மொதல்ல எறங்குங்க. நீங்க நகந்தாத்தான் ஸ்ட்ரெச்சர எடுக்க முடியும்."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரியும். "சிஸ்டர், சீக்கிரம்!" என்று யாரோ கத்தினார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பேகம் என்னைப் பார்த்தார். என் மடியை, பையை, தரையில் இருந்த ஈரத்தை. பிறகு தன் தலையிலிருந்த சால்வையை மெல்ல உருவினார். அவருடைய நரைத்த மெல்லிய கூந்தல் வெளியே தெரிந்தது.

"கட்டிக்கோ."

"அம்மா, உங்க தலை... எல்லாரும் நிக்கறாங்க."

"நரைதானே. பாக்கட்டும்."

இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அளவு பார்க்கவென்று அந்தப் பாட்டில்களைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் ஸ்ட்ரெச்சரோடு நடந்தேன். ஆம்புலன்ஸ் சைரனோடு நெடுஞ்சாலையில் ஏறியது. நாளைக்கு மேலதிகாரியிடம் என்ன சொல்வது, வேலை இருக்குமா என்றெல்லாம் யோசனை ஓடியது. கண்ணை மட்டும் எண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பேகம் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"பேட்டி, அடுத்த ஊசி எப்ப?"

"ரெண்டு மணிக்கும்மா."

"ரெண்டு மணிக்கே போட்டுடு," என்றார்.